எலும்பு கேட்கும் அவகாசம்

1951-ஆம் ஆண்டு லெவந்தால் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் தொடையெலும்பில் சின்னஞ்சிறு டைட்டானியம் திருகாணிகளைப் பொருத்தி, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். 6 வாரம் கழிந்தபோது, பொருத்திய அன்று இருந்ததைவிடத் திருகாணி சற்று இறுகியிருந்தது. 12 வாரத்தில் அதைக் கழற்றுவதே சிரமமாயிற்று. 16 வாரத்தில் ஓர் எலியிடம் திருகாணியைக் கழற்ற முயன்றபோது அந்தத் தொடையெலும்பே முறிந்துவிட்டது.

முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்து இணைக்கிற அறுவை மருத்துவர்களுக்காக அவர் இதை எழுதினார். உடலுக்குள் கிடந்தாலும் உடல் வெறுத்து ஒதுக்காத ஓர் உலோகம் கிடைத்திருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்த செய்தி. இதைக் கண்டவர்களில் அவர் முதல்வரும் அல்லர். 1940-இலேயே போத், பீட்டன், டேவன்போர்ட் ஆகிய மூவர் பூனைகளின் எலும்பில் பல உலோகங்களை வைத்துப் பார்த்து, டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் போக்கைக் குறித்துவைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் வேர் ஊன்ற வழி தேடிக்கொண்டிருந்த பல் மருத்துவர்களிடம் இந்தக் கண்டறிதல் அப்போது எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை.

தாடையெலும்பில் ஊன்றும் செயற்கை வேரான பல் இம்ப்ளான்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. தேவையான உலோகம் ஒருவரிடம் இருந்தது. திருகாணி வடிவம் இன்னொருவரிடம் இருந்தது. பொருத்திய பிறகு ஆறவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற அறிவு மூன்றாமவரிடம், அதுவும் பல ஆண்டுகளுக்கு முன்பே, இருந்தது. இம்மூன்றும் ஒரே கையில் வந்து சேர 1960கள் வரை ஆயிற்று. அதன் பிறகும் உலகம் அதை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

செயற்கை வேர் ஊன்றும் ஆசை மிகப் பழையது. 1931-இல் ஹோண்டுராஸ் நாட்டின் உலுவா பள்ளத்தாக்கில் வில்சன் போப்பினோவும் அவர் மனைவி டோரத்தியும் அகழ்ந்தெடுத்த கீழ்த்தாடைத் துண்டு ஒன்று இப்போது ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 600-ஐச் சேர்ந்த, மாயா நாகரிகத்து மனிதர் ஒருவரின் தாடை அது. முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய குழிகளில், பல்லைப் போலவே செதுக்கப்பட்ட மூன்று சிப்பித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. இறந்தவரை அடக்கம் செய்யும்போது அழகுக்காக வைத்தவை என்றுதான் முதலில் நம்பினார்கள். 1970-இல் பிரேசிலைச் சேர்ந்த பல் மருத்துவர் அமதேயோ பொப்பியோ அந்தத் தாடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இரண்டைச் சுற்றி எலும்பு கெட்டிப்பட்டு வளர்ந்திருந்தது தெரிந்தது. செத்த எலும்பு வளராது. ஆகவே உயிரோடு இருந்தபோதே அந்தச் சிப்பிகள் செருகப்பட்டன. செருகிய பின்னும் அவர் சில காலமாவது வாழ்ந்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்த மனிதர் எதைத் தாங்கிக்கொண்டு அதற்கு உடன்பட்டார் என்று என்னால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் இதே ஆசை வேறொரு வழியில் போனது. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், ஒருவர் பல்லைப் பிடுங்கி இன்னொருவர் தாடையில் நடலாம் என்று வாதிட்டவர். மனிதப் பல்லொன்றைச் சேவலின் கொண்டையில் பதித்து, அது அங்கே ஒட்டிக்கொண்டதைக் காட்டினார். அந்த மாதிரி இன்றும் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பணக்காரர்களின் வாய்க்குத் தேவையான பற்கள் ஏழைகளின் வாயிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டன. புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்க, அருகில் செல்வச் சீமாட்டிகள் காத்திருப்பதை 1787-இல் தாமஸ் ரோலண்ட்சன் கேலிச்சித்திரமாக வரைந்தார். நட்ட பற்கள் நிலைக்கவில்லை. மேகநோய் போன்றவை பல்லோடு சேர்ந்து பரவுகின்றன என்ற அச்சமும் எழுந்தது. அந்த வழக்கம் மங்கிப் போனதில் எனக்கு நிம்மதியே.

1809-இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் மஜ்ஜியோலோ தங்கத்தில் ஒரு வேர் செய்து ஊன்றிய கதையை விரைவாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியவர் எட்வின் கிரீன்ஃபீல்ட். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பல் மருத்துவம் பார்த்த அவர், இரிடியமும் பிளாட்டினமும் கலந்த மெல்லிய கம்பியை வளைத்து, 24 காரட் தங்கத்தால் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஒரு சிறு கூண்டு செய்தார். 1909-இல் அதற்குக் காப்புரிமை பெற்று, 1913-இல் முறையாக வெளியிட்டார். வட்டமாக வெட்டும் கருவியால் எலும்பில் மோதிரம் போன்ற பள்ளம் எடுப்பார். நடுவிலிருக்கும் எலும்பை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிக் கூண்டை இறக்குவார். கம்பிகளின் இடைவெளி வழியே எலும்பு வளர்ந்து கூண்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் பல்லை உடனே கட்டாமல், ஆறும்வரை சில வாரங்கள் விட்டுவைத்தார். கூண்டு எலும்பை நெருக்கமாகத் தொட வேண்டும், காயம் தூய்மையாக இருக்க வேண்டும், ஆறும்வரை சுமை ஏறக்கூடாது என்ற மூன்றும் அவரிடம் அப்போதே இருந்தன. அவரிடம் இல்லாதது எலும்பு ஏற்றுக்கொள்ளும் உலோகம் மட்டுமே. அன்றைக்கு டைட்டானியம் ஆய்வுக்கூடத்து அரும்பொருள். 1940-இல் வில்லியம் க்ரோல் அதைத் தாதுவிலிருந்து பிரிக்கும் நடைமுறைக்கேற்ற வழியைக் காப்புரிமையாக்கிய பிறகே, விமானத் தொழிலின் தயவால் அது ஓரளவு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது.

1930களின் இறுதியில் பாஸ்டன் நகரத்தில் ஆல்வின் ஸ்ட்ராக், எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்திவந்த வைட்டாலியம் என்ற கோபால்ட்–குரோமியக் கலவையில் திருகாணி வடிவ இம்ப்ளான்டைச் செய்து, நாய்களிடமும் பிறகு மனிதர்களிடமும் பொருத்தினார். அவற்றில் சில பல்லாண்டுகள் நிலைத்தன. ஆனால் அவருக்குப் பின் வந்த கால் நூற்றாண்டில் துறை நேர்வழியில் போகவில்லை. ஸ்வீடனில் குஸ்தாவ் டால் 1940களில் தொடங்கிவைத்த முறையில், எலும்பைத் துளைக்காமல், ஈறுக்கு அடியில் குதிரைமேல் சேணம் ஏற்றியதுபோல ஓர் உலோகச் சட்டத்தை எலும்பின் மேல் உட்காரவைத்தார்கள். இத்தாலியில் ஃபார்மிஜ்ஜினி கம்பியைச் சுருளாக முறுக்கி ஊன்றினார். அமெரிக்காவில் லெனார்டு லிங்கோ 1960களின் பிற்பகுதியில் தட்டையான பிளேடு வடிவத்தை அறிமுகப்படுத்தினார்; ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டது.

இவற்றில் பலவற்றில், உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே நார்த்திசு ஒன்று சவ்வாக வளர்ந்தது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியும் நார்கள் இருப்பதால், இதுவும் அதைப் போன்ற ஒரு மெத்தைதான், நல்லதுதான் என்று அன்றைய வல்லுநர் பலர் விளக்கம் சொன்னார்கள். இந்த விளக்கம் விளைத்த கேடு பெரிது என்பது என் கருத்து. பல்லின் நார்கள் ஒரு முனையில் எலும்புக்குள்ளும் மறுமுனையில் வேருக்குள்ளும் புதைந்து பல்லைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்தச் சவ்வோ எதையும் பிடிப்பதில்லை. உடல் ஓர் அந்நியப் பொருளைத் தன்னிடமிருந்து ஒதுக்கிவைக்கப் போட்ட வேலி அது. மெல்ல மெல்லத் தடித்து, இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கி, கடைசியில் சுற்றியுள்ள எலும்பையும் தின்றுவிட்டுக் கழன்றது. தோல்வியின் அறிகுறியையே வெற்றியின் இலக்கணமாகக் கற்பித்த காலம் அது.

பெர்-இங்வார் பிரோனமார்க் பல் மருத்துவர் அல்லர். 1929-இல் ஸ்வீடனில் பிறந்து, லுண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவருடைய கவலையெல்லாம் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதில் இருந்தது. 1950களில் முயலின் காலெலும்பை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக இழைத்து, உயிருள்ள மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தார். அடுத்த கட்டமாக, கண்ணாடி பதித்த உலோகக் கூடு ஒன்றை எலும்புக்குள் பொருத்தி, உள்ளே வளர்ந்துவரும் எலும்பையும் இரத்தக் குழாய்களையும் மாதக்கணக்கில் கவனிக்க முயன்றார். அந்தக் கூட்டை டைட்டானியத்தில் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் எலும்பு அறுவை மருத்துவர் ஹான்ஸ் எம்னியஸ். நுணுக்கமாகக் கடைந்து செய்யப்பட்ட அந்தக் கூட்டை வேறொரு முயலுக்குப் பயன்படுத்தலாமென்று கழற்றப்போனபோது அது வரவில்லை; எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது.

எத்தனையோ பேர் இதை வெறும் தொந்தரவாக நினைத்து அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். பிரோனமார்க் தன் கேள்வியை மாற்றிக்கொண்டார். இரத்த ஓட்டத்தைப் பார்க்கப் போனவர், எலும்பைக் காயப்படுத்தாமல் எவ்வளவு மென்மையாகக் கையாண்டால் அது உலோகத்தை ஏற்கும் என்று பார்க்கத் தொடங்கினார். மஜ்ஜையை உயிரோடு பார்த்துப் பழகிய கண் அவருடையது. கருவியின் சூட்டில் இரத்தக் குழாய்கள் உறைந்து நிற்பதை அறிந்தவர். அவருக்கு முன்னிருந்தவர்கள் பெரும்பாலும் உலோகத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் எலும்பைக் கவனித்தார். இந்தத் துறையின் திருப்புமுனை டைட்டானியத்தைவிட இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோதன்பர்க் நகரத்தில் நாய்களிடம் சோதித்த பிறகு, 1965-இல் முதல் நோயாளி வந்தார். யோஸ்தா லார்சன் என்ற அவருக்குப் பிறவியிலேயே தாடை சரியாக அமையவில்லை, பற்களும் இல்லை. மெல்லவும் தெளிவாகப் பேசவும் வழியில்லாமல் முப்பது வயதைக் கடந்திருந்தார். கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் இம்ப்ளான்ட்கள் பொருத்தப்பட்டன. அவர் 2006-இல் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வேர்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

முறை கடுமையானது. தூய டைட்டானியம், பெரும்பாலும் 3.75 மில்லிமீட்டர் விட்டம். அதை வேறு உலோகக் கருவியோ கையுறையோ தொடக்கூடாது. துளையைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். சூடேறாமலிருக்க, சலைன் எனும் உப்புநீரை இடைவிடாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். எலும்பில் மரை வெட்டும்போது கருவி நிமிடத்துக்கு இருபது சுற்றுக்கு மேல் போகக்கூடாது. பொருத்திய இம்ப்ளான்டின் மேல் ஈறை மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடையானால் மூன்று மாதத்துக்குக் குறையாமலும், எலும்பு பொலபொலவென்றிருக்கும் மேல்தாடையானால் ஆறு மாதம் போலவும் காத்திருக்க வேண்டும். பிறகே ஈறைத் திறந்து பல் கட்டுவது. சூட்டைப் பற்றிய இந்த எச்சரிக்கைக்குப் பின்னாளில் அளவும் கிடைத்தது: 1983-இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களிடம் செய்த ஆய்வில், 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படுவது தெரிந்தது. காய்ச்சல் முற்றிய உடம்பைவிடச் சில டிகிரிதான் அதிகம்.

சொந்த நாட்டில் அவருக்கு வரவேற்பு இல்லை. உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர் பல் மருத்துவத்தில் தலையிடுவது பலருக்குப் பிடிக்கவில்லை. இம்ப்ளான்ட் என்றாலே போலி மருத்துவம் என்ற பெயரும் அன்று இருந்தது. முந்தைய முறைகளின் தோல்விகளைப் பார்த்தவர்களின் அந்தச் சந்தேகத்தை முழுக்கக் குறைசொல்ல முடியாது. 1970களின் நடுவில் ஸ்வீடன் அரசின் சுகாதார வாரியம் வெளியிலிருந்து பேராசிரியர்களை அமர்த்தி, அவருடைய நோயாளிகளைப் பரிசோதிக்கச் செய்தது. அறிக்கை அவருக்குச் சாதகமாக வந்தது. 1977-இல் அவர் குழு பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டது. 1981-இல் அடெல் முதலானோர் வெளியிட்ட பதினைந்தாண்டுக் கணக்கில், பல்லே இல்லாத தாடைகளோடு வந்த 371 நோயாளிகளுக்குப் பொருத்திய 2,768 இம்ப்ளான்ட்களின் நிலை எழுதப்பட்டிருந்தது. அவற்றில் ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த தொகுதியில், மேல்தாடையில் 81 சதவீதமும் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் உறுதியாக நின்றன. வெற்றிகளை மட்டும் படம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்த துறையில், விழுந்ததையும் சேர்த்து எண்ணிச் சொன்னது இந்தக் குழு. 1982-இல் ஜார்ஜ் ஸார்ப் டொரன்டோவில் கூட்டிய மாநாட்டில் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வல்லுநர்கள் இந்தக் கணக்கைத்தான் கேட்டார்கள். அதன் பிறகு எதிர்ப்பு வேகமாகக் கரைந்தது.

இதே உண்மைக்குச் சுவிட்சர்லாந்தில் இன்னொருவரும் தனி வழியில் வந்துசேர்ந்தார். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ஷ்ரூடர், எலும்பு முறிவுக் கருவிகள் செய்துவந்த ஸ்ட்ராமன் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தார். இம்ப்ளான்டையும் எலும்பையும் சேர்த்தே மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, இடையில் சவ்வு ஏதுமின்றி எலும்பு உலோகத்தைத் தொட்டு நிற்பதை 1976-இல் கண்ணுக்கு நேரே காட்டினார். ஈறுக்கடியில் புதைத்துத் தைக்காமல், ஈறுக்கு மேல் தலைநீட்ட விட்டாலும் எலும்பு அதனோடு ஒன்றிவிடும் என்பதும் அவர்கள் முறையிலிருந்து தெளிவாயிற்று. புதைப்பது அவசியமில்லை, ஆடாமல் வைத்திருப்பதே அவசியம்.

அந்த ஆடாமையின் உட்பொருள் விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். இம்ப்ளான்டைத் திருகி இறக்கிய அன்று அதைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம் மட்டுமே. துளையிட்டதால் காயப்பட்ட அந்த விளிம்பு எலும்பை உடல் அடுத்த சில வாரங்களில் கரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய எலும்பை நெய்கிறது. பழைய பிடி தளர்ந்து, புதிய பிடி இன்னும் முழுமைக்கு வராத இடைப்பட்ட நாட்கள் உண்டு. பொதுவாக இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. அந்த நாட்களில் இம்ப்ளான்ட் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால், எலும்பு வர வேண்டிய இடத்தில் நார்த்திசு வந்துவிடும். கொடுமை என்னவென்றால், வீக்கமும் வலியும் வடிந்து நோயாளி தெம்பாக உணர்வதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

என் அப்பாவுக்கு மேல்தாடையில் இம்ப்ளான்ட் வைத்தபோது நான் உடனிருந்து பார்த்தேன். சிகிச்சை செய்த பெண் மருத்துவர் சில நொடிகளுக்கு ஒருமுறை டிரில்லை வெளியே எடுத்து, அதன் வரிகளில் ஒட்டியிருந்த எலும்புத் துகளைத் துடைத்து, மறுபடியும் சலைன் ஊற்றிக்கொண்டே உள்ளே இறக்கினார். அவசரமே இல்லாத வேலை. கடைசியில் முறுக்கு விசை காட்டும் சிறு ஸ்பேனரால் இறுக்கி, 35 நியூட்டன் சென்டிமீட்டரில் நிறுத்திக்கொண்டு, மூடி போட்டுத் தைத்தார். தையல் பிரிக்கப் போன நாளில் அப்பா, “டாக்டரம்மா, தங்கச்சி மகள் கல்யாணம் வருது, அதுக்குள்ள பல்லைக் கட்டிரலாமா?” என்று கேட்டார். “கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டுற பல் தர்றேன் ஐயா. இதும்மேல இப்போ கட்டினா இதையும் இழந்துருவோம்” என்றார் அவர். அப்பாவுக்கு மனத்தாங்கல்தான். எனக்கோ, கிரீன்ஃபீல்ட் முதல் பிரோனமார்க் வரை கற்றுக்கொண்டது அத்தனையும் அந்த ஒற்றைப் பதிலில் இருப்பதாகத் தோன்றியது.

காத்திருக்கும் காலம் அதன்பின் குறையாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் டேனியல் பூஸரும் அவர் பெர்ன் குழுவினரும், வழவழப்பான பரப்பைவிட மணலடித்து அமிலத்தில் அரித்த சொரசொரப்பான பரப்பில் எலும்பு விரைவாகவும் அதிகமாகவும் பிடிப்பதைப் பன்றிகளிடம் காட்டினார்கள். அந்தப் பரப்புள்ள இம்ப்ளான்ட்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் சந்தைக்கு வந்தபோது, நல்ல எலும்புள்ள இடங்களில் மாதங்கள் ஆறு வாரமாகச் சுருங்கின. லிஸ்பனில் பாவுலோ மாலோ, பல்லே இல்லாத தாடையில் நான்கே இம்ப்ளான்ட்களை, பின்னவை இரண்டையும் சாய்த்து ஊன்றி, அவற்றை ஒரே பாலமாக இறுகக் கட்டி, அன்றே பல் வைக்கும் முறையை 2003-இல் வெளியிட்டார். ஒரே நாளில் பல் என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது பொய்யில்லை. நான்கையும் ஒன்றாகப் பிணைப்பதால் தனித்தனி அசைவு கட்டுப்படுகிறது. அன்று வைப்பதும் தற்காலிகப் பல். மென்மையான உணவையே சில மாதங்கள் உண்ண வேண்டும். இந்த நிபந்தனைகளைச் சொல்லாமல் ஒரே நாள் என்பதை மட்டும் சொல்லும் விளம்பரங்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. பல்லை அன்றே வைத்தாலும் எலும்பு ஒரே நாளில் ஆறிவிடுவதில்லை. ஆறும்வரை அதை ஆடாமல் காக்கும் வழிகளே பெருகியிருக்கின்றன.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. பல்லின் நார்கள் வேருக்குள் செங்குத்தாகப் புகுந்து ஈறை இழுத்துப் பிடிக்கின்றன. இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள நார்கள் அதற்கு இணையாக ஓடுகின்றனவே தவிர, அதற்குள் புகுவதில்லை. அதனால் கிருமிகளுக்கு அங்கே அரண் குறைவு. ஈறுநோய் முன்பே இருந்தவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரையும் அபாயம் கூடுகிறது. நார்கள் இல்லாததால் கடிக்கும் அழுத்தத்தை உணரும் திறனும் குறைவு. வலியில்லாமலே எலும்பு இறங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கொரு முறையாவது எக்ஸ்ரேயும் சுத்திகரிப்பும் இல்லாமல் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

வைத்துக்கொள்ளப் போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் இன்னொன்று, இம்ப்ளான்ட் வரும் பெட்டியின் மேலிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது. பிரோனமார்க்கின் மூல இம்ப்ளான்டின் தலையில் 0.7 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் அறுகோணம் வெளியே நிற்கும். பின்னால் வந்த பலவற்றில் அந்தப் பிணைப்பு உள்ளே குழியாக இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவும் கோணமும் வேறுபடும். பத்தாண்டு கழித்து உள்ளே ஒரு சிறு ஸ்க்ரூ தளர்ந்தால், அதைத் திருகச் சரியான டிரைவர் எது என்று எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கும் கடினம். நிறுவனத்தின் பெயர், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஆகிய நான்கும் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். அப்பாவுடைய ஸ்டிக்கரை அவருடைய இரத்தப் பரிசோதனைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் கோப்பு கையில் இருக்கும்.